பிள்ளைகளுக்கென்று ஊறிய பழம்

அந்தக் கிறிஸ்மசுக்கு என் மகளுக்கு ஆறு வயது. யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றி நடந்த சண்டை ஓய்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. மானிப்பாயில் எங்கள் வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளில், குருநகரில் இருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு தாயும் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். மூத்தவளுக்குப் பதினொரு வயது, இளையவளுக்கு எட்டு. தாய் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்றார்.

என் கணவருக்குக் கொழும்பில் வேலை. ஆனி மாதம் சண்டை தொடங்கிப் பாதை பூட்டப்பட்டபோது அவர் அந்தப் பக்கம் அகப்பட்டுக்கொண்டார். எப்போதாவது ஒரு கடிதம் வரும். நான் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருவதுதான் அப்போது வேலை. வீட்டில் நானும் மகளும் மட்டும் என்பதால், பின்பக்கத்தில் ஆட்கள் வந்தது எனக்கும் துணையாக இருந்தது.

அக்காவின் கணவர் கடலுக்குப் போகிறவர். சண்டை தொடங்கி இரண்டாம் மாதம் போனவர் திரும்பி வரவில்லை. படகும் வரவில்லை, கூடப் போன இருவரும் வரவில்லை. செல் குண்டு விழுந்துகொண்டிருந்த கரையில் மூன்று வாரம் காத்திருந்துவிட்டுத்தான் அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு சைக்கிளில் கட்டக்கூடியதைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சாமான்களுக்குள் சேலையால் சுற்றிய ஒரு பெரிய ஊறுகாய்ப் போத்தல் இருந்தது. உள்ளே கரும்பழுப்பாக ஏதோ நிறைந்திருந்தது. புளி என்று நினைத்தேன்.

அது புளி இல்லை என்று மார்கழி பிறந்த பிறகுதான் தெரிந்தது. சண்டைக்கு முன் கொழும்புப் பாதை திறந்திருந்த சில மாதங்களில் அக்காவின் கணவர் எஞ்சின் சாமான் வாங்கக் கொழும்புக்குப் போயிருக்கிறார். வரும்போது முந்திரிகை வத்தலும் பிளம்சும் சீனிப்பாகில் போட்ட இஞ்சியும் ஒரு போத்தல் பிராந்தியும் கொண்டுவந்திருக்கிறார். பிள்ளைகளைச் சுற்றி இருத்திவைத்துத் தானே பழங்களைச் சிறிது சிறிதாக வெட்டி, பிராந்தியில் ஊறப்போட்டிருக்கிறார். கிறிஸ்மஸ் கேக்குக்கு அப்படி மாதக்கணக்கில் ஊறவேண்டும் என்று அக்கா சொன்னார்.

 அன்றிலிருந்து நான் பின்பக்கத்து அறை வாசலைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தேன்.

காரணத்தைச் சொல்லவேண்டும். என் அப்பா குடித்தே செத்தவர். அவர் வீட்டில் சண்டை போடுகிற குடிகாரர் இல்லை. சந்தோசமாகக் குடிப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டிறைச்சி வாங்கிவந்தால் குசினிக்குள் அவரே புகுந்துவிடுவார். கறி கொதிக்கும்போது தன் போத்தலில் இருந்து சாராயம் கொஞ்சம் சட்டிக்குள் ஊற்றுவார். இறைச்சி மெத்தென்று வரும் என்பார். பிறகு என்னையும் தம்பியையும் பக்கத்தில் இருத்திச் சோற்றில் குழைத்துத் தன் கையாலேயே தீத்துவார். அம்மா வேண்டாம் என்று கத்துவார். கொதியில் எல்லாம் பறந்துபோகும் என்று அப்பா சிரிப்பார். தம்பிக்கு அந்தக் கறி பிடிக்கும். இன்னும் வேண்டும் என்று வாயைத் திறப்பான். தம்பி இருபத்தாறு வயதில் இரத்தமாகச் சத்தியெடுத்துச் செத்தான். அவன் குடித்ததற்கும் அந்தக் கறிக்கும் தொடர்பு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்தது என்றுதான் அப்போது நம்பினேன். என் பிள்ளையின் வாயில் ஒரு துளி படக்கூடாது என்று அவன் சாம்பல் அள்ளிய அன்றே நினைத்துக்கொண்டவள் நான்.

அக்கா கேக் போட்டது கிறிஸ்மசுக்கு இரண்டு நாள் முன்னர். சங்கக்கடைப் பங்கீட்டுச் சீனியை மூன்று மாதமாக மிச்சம் பிடித்திருந்தார். எங்கள் ஒழுங்கையின் இரு பக்கமும் கோழி வளர்த்த வீடுகளில் முட்டை சேர்த்தார். றவையை வறுத்தார். மாஜரின் எங்கே கிடைத்ததோ தெரியாது. பெரிய சட்டிக்குள் மணலைக் கொட்டி, அதற்குள் கேக் தட்டை வைத்து, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல் போட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் சட்டியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். அவர்கள் அப்படிச் சிரித்துக் கதைத்ததை எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு நான் முதல்முறை கேட்டேன். என் மகளும் அவர்களோடுதான் இருந்தாள். அவளைக் கூப்பிட்டு உள்ளே வைத்துக்கொள்ள எனக்கு ஒரு சாட்டும் கிடைக்கவில்லை. கிறிஸ்மஸ் அன்று பார்த்துக்கொள்ளலாம், எனக்குத்தான் கொண்டுவந்து தருவார், வாங்கி வைத்துவிட்டுப் பிறகு எறியலாம் என்று இருந்தேன்.

கிறிஸ்மஸ் காலையில் அவர்கள் பூசைக்குப் போய்வந்ததை நான் கவனிக்கவில்லை. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். மகள் பின்பக்கத்தில் இருந்து ஓடிவந்தாள். உதட்டில் பழுப்பாகத் துகள்கள் ஒட்டியிருந்தன. என் முகத்துக்கு நேரே வந்து வாயை ஆவென்று திறந்து, மணந்து பாருங்கோ அம்மா என்றாள்.

என் அப்பாவின் வாய் மணம் அது.

பிறகு நான் செய்ததை எனக்கு வரிசையாகச் சொல்ல முடியும். எவ்வளவோ மறந்துபோயிற்று, இது மறக்கவில்லை. பிள்ளையைப் பிடித்து இழுத்து, குனியவைத்து, இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டேன். அவள் திமிறினாள். மறுபடியும் விட்டேன். கேக் எல்லாம் வெளியே வந்தது, கடைசியில் கொஞ்சம் இரத்தமும் வந்தது. இரத்தத்தைக் கண்டதும் எனக்குத் தம்பியின் ஞாபகம் வந்து இன்னும் வெறி ஏறியது. பிள்ளையைக் கிணற்றடியில் அழவிட்டுவிட்டுப் பின்பக்கத்துக்குப் போனேன்.

அக்கா வாசலில் நின்று ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்குக் கொடுப்பதற்காக, கொப்பித் தாளில் கேக் துண்டுகளைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள். நான் சத்தம் போடவில்லை. அலுவலகத்தில் கதைப்பதுபோலத்தான் சொன்னேன்.

"குடியும் கடலுமா இருந்த மனுசன் திரும்பி வரேல்லை எண்டு அழுறியள். இப்ப பிள்ளையளுக்கும் அதையே தீத்துறியள்."

அக்கா என்னைப் பார்த்தார். கையில் இருந்த துண்டைத் தட்டில் வைத்தார்.

"அவர் குடிக்கிறேல்லை, தங்கச்சி," என்றார். "உது பிள்ளையளுக்கெண்டு போட்டவர்."

நான் கிணற்றடிக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல் அழுதாள். மறுநாள் சைக்கிளில் வைத்து வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே நகம் கீறியிருக்கிறது என்றார். பிள்ளை ஏதாவது விழுங்கித் தொண்டையில் சிக்கியதா, எடுக்கப் பார்த்தீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன். உப்புத் தண்ணீரால் அலசச் சொல்லி ஒரு மருந்தும் தந்தார்.

வரும் வழியில் ஒழுங்கைப் பெண்கள் இரண்டு பேர் படலையடியில் நின்று, பிள்ளைக்கு என்ன என்று விசாரித்தார்கள். பின்னுக்கு இருப்பவர்கள் கொடுத்த கேக் ஒத்துக்கொள்ளவில்லை, அதில் பிராந்தி போட்டது என்றேன். சொல்லவேண்டும் என்று திட்டம் போட்டுச் சொன்னதில்லை. வாயில் அதுதான் வந்தது. நகம் என்று வரவில்லை.

அது போதுமாக இருந்தது. அடுத்த இரண்டு நாட்களில் ஒழுங்கை முழுக்க அதுவே கதை. தாளில் சுற்றிய துண்டுகள் சில வீடுகளில் இருந்து அப்படியே திரும்பி வந்தன. ஒரு தாய் தன் பிள்ளையின் கையிலேயே கொடுத்து அனுப்பியிருந்தார். குருநகர்ப் பிள்ளைகளோடு விளையாட ஒருவரும் வரவில்லை. அவர்கள் அறைக்குள்ளேயே இருந்தார்கள். காய்ச்சல் விட்டதும் என் மகள் பின்பக்கம் போகவேண்டும் என்று அடம்பிடித்தாள். நான் விடவில்லை. பின்பக்கத்துக் கதவு வழியாக எந்தச் சத்தமும் வராத நாட்கள் அவை. கிணற்றில் அக்கா தண்ணீர் அள்ளும் நேரம் பார்த்து நான் உள்ளே இருந்தேன். நான் அள்ளும் நேரம் அவர் வரவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் காலை, அக்கா முன்வாசலால் வந்தார். பின்னுக்கு இருந்தவர் ஒழுங்கையால் சுற்றி, படலையைத் திறந்து, வெளி ஆள்போல வந்து நின்றார். கையில் இரண்டு தாள்கள். காணாமல் போனவர்களைத் தேடித்தரும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் விண்ணப்பம் அது. ஆங்கிலத்தில் நிரப்பினால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒழுங்கையில் ஆங்கிலத்தில் எழுதக்கூடியவர் நீங்கள்தான், எழுதித் தருவீர்களா என்று கேட்டார்.

இருக்கச் சொன்னேன். கதிரையின் நுனியில் இருந்தார். நான் மேசையில் தாளை விரித்துக் கேட்கத் தொடங்கினேன். பெயர், வயது, உயரம். உயரம் அவருக்குத் தெரியவில்லை. எழும்பி நின்று, தன் நெற்றிக்கு மேலே கையை வைத்துக் காட்டி, இவ்வளவு என்றார். நான் அடி மட்டத்தைக் கொண்டுவந்து சுவரில் அளந்து எழுதினேன். உடம்பில் அடையாளங்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. இடது கைச் சின்னவிரல் தங்கூசித் தூண்டில் நூல் அறுத்து வளைந்துபோனது. வலது காதின் கீழே ஒரு மச்சம். எஞ்சினைத் தோளில் தூக்கித் தூக்கி வலத்தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அன்று போட்டிருந்தது நீலக் கோட்டுச் சாரம், வெள்ளைச் சேட். சேட்டுப் பொக்கற் கிழிந்து, பச்சை நூலால் தைத்தது. வேறு நூல் வீட்டில் இருக்கவில்லை என்று எனக்கு விளக்கம் சொன்னார், நான் குறை நினைப்பேன் என்பதுபோல.

ஒவ்வொன்றாக எழுதினேன். அந்த மனிதரை நான் ஒருநாளும் கண்டதில்லை. அரை மணித்தியாலத்தில் என் வீட்டு ஆட்களைவிட அவரை எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

இரண்டாம் தாளும் முடிந்தது. கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினேன். அக்கா பேனையை வாங்கவில்லை.

"குடிக்கிறேல்லை எண்டும் எழுதுங்கோ," என்றார்.

அதற்கென்று அந்த விண்ணப்பத்தில் இடம் இல்லை. அப்படி ஒரு கேள்வியே இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாளைத் திருப்பி, ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில், இவர் மது அருந்தாதவர் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். இடம் போதாமல் நெருக்கி எழுதியதில் அந்த ஒரு வரி மட்டும் வேறு யாரோ எழுதியதுபோல இருந்தது. வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். விளங்காவிட்டாலும் அக்கா தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். பிறகு கையெழுத்து வைத்தார்.

மன்னிப்புக் கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்றுதான் கேட்டேன். வேண்டாம், அடுப்பில் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லிப் போய்விட்டார்.

அந்த ஆடி மாதம் அவர்கள் குருநகருக்குத் திரும்பிப் போனார்கள். வீட்டின் ஒரு பக்கச் சுவர் நிற்கிறதாம், மேலே கிடுகு போட்டால் இருக்கலாம் என்றார். அறைகளைக் கழுவிவிட்டுத்தான் போனார்.

அவர்கள் போன பிறகுதான், விண்ணப்பத்தில் நான் எழுதிய அந்த மனிதர் எனக்கு வரத் தொடங்கினார். பேய் என்று சொல்லமாட்டேன். நடுப்பகலில், சனம் நிறைந்த இடங்களில்தான் வருவார். சந்தையில் ஒருவர் காசை நீட்டினால் என் கண் முதலில் அவருடைய இடது கையின் சின்னவிரலுக்குப் போகும். பஸ்சில் முன்னால் இருப்பவரின் காதுக்குக் கீழே பார்ப்பேன். வெள்ளைச் சேட் போட்டவர் யாராவது எதிரே வந்தால் பொக்கற்றைப் பார்க்காமல் என்னால் கடக்க முடியாது. சேட் இத்தனை நாள் இருக்குமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன், ஆனாலும் பார்ப்பேன். கண்டுபிடித்துவிட்டால் என்ன சொல்வது என்பதும் என் மனதில் தயாராக இருந்தது. உங்கள் மனைவி குருநகரில்தான் இருக்கிறார், பிள்ளைகள் சுகம் என்று சொல்லவேண்டும். நான் சொன்னதை அவரிடம் சொல்லத் தேவையில்லை.

ஒருநாள் மானிப்பாய்ச் சந்தியில் சைக்கிளில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு ஒருவர் போனார். வலத்தோள் தாழ்ந்திருந்தது. நான் அலுவலகத்துக்குப் போகவேண்டிய வழியை விட்டுவிட்டு அவருக்குப் பின்னால் சைக்கிளை மிதித்தேன். இரண்டு ஒழுங்கை தாண்டி அவர் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். வயதான முகம், மச்சம் இல்லை.

"என்ன பிள்ளை, மீன் வேணுமே?" என்றார்.

அன்று வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டில் மரக்கறி. ஓம் என்று சொல்லி நாலு மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். வெட்டவும் முடியவில்லை, எறியவும் மனம் வரவில்லை. கடைசியில் ஒழுங்கைப் பூனைகளுக்குப் போட்டேன். மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏனம்மா வாங்கினீங்கள் என்று கேட்டாள்.

விண்ணப்பத்தில் என் வீட்டு விலாசத்தைத்தான் கொடுத்திருந்தோம். இரண்டு வருடங்கள் கழித்து ஒரு பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு குருநகருக்குப் போனேன். கேட்டுக் கேட்டுத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒரு பக்கம் சுவர், மற்றப் பக்கம் கிடுகு. அக்கா முற்றத்தில் வலைத் துண்டு ஒன்றின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, வாங்கோ தங்கச்சி என்று இருக்க ஒரு வாங்கை இழுத்துப் போட்டார். மூத்தவள் உயர்ந்து தாயைப் போலவே இருந்தாள். இளையவள் கிடுகுக்குப் பின்னால் நின்று பார்த்தாள், முன்னுக்கு வரவில்லை.

கடிதத்தைத் தமிழில் சொன்னேன். விண்ணப்பம் கிடைத்தது, விசாரித்தார்கள், இதுவரை எந்தத் தகவலும் இல்லை, கோவை மூடப்படவில்லை. அக்கா ஒரு முறைக்கு இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு கடிதத்தை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஓரத்தில் எழுதியதைப் பற்றி ஒன்றும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன்.

மூத்தவள் தேத்தண்ணி கொண்டுவந்தாள். மண்ணெண்ணெய் விலை பற்றிக் கதைத்தோம். நான் எழும்பப் பார்த்தபோது அக்கா வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"மகளுக்கு அதுக்குப் பிறகு வயித்துக்கு ஒண்டும் செய்யேல்லைத்தானே? அந்தக் கேக்காலை ஏதும் நோக்காடு வந்திட்டுதோ எண்டு நான் கனநாள் யோசிச்சனான்."

இரண்டரை வருடம். அவர் அதைச் சுமந்துகொண்டிருந்தார், நான் இதைச் சுமந்துகொண்டிருந்தேன். அவருடையது நான் தூக்கி வைத்தது.

"அது கேக்காலை இல்லையக்கா," என்றேன். "என்ரை நகம் பட்டுத் தொண்டை கிழிஞ்சது. டொக்டர் அண்டைக்கே சொன்னவர். நான்தான் ஒழுங்கையிலை மாறிச் சொன்னனான்."

அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்று நினைத்தேன். அக்காவின் முகத்தில் கோபமே வரவில்லை. பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்தவரைப்போல முதுகு தளர்ந்து, கிடுகுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"கேட்டனீங்களே பிள்ளையள், கேக்காலை இல்லையாம்."

இளையவள் மெதுவாக வெளியே வந்தாள். மூத்தவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். தகப்பன் பழம் வெட்டும்போது பக்கத்தில் இருந்தவர்கள் அவர்கள். அவர் ஊறவைத்தது ஒரு பிள்ளைக்கு நஞ்சாகிவிட்டது என்று நம்பி இத்தனை நாள் இருந்திருக்கிறார்கள்.

"அம்மா போத்தலிலை மிஞ்சின பழத்தைத் தாட்டுப்போட்டா அன்ரி," என்றாள் மூத்தவள். "உங்கடை வளவுக்கைதான்."

அக்கா அவளை அடக்கினார். பழைய கதை இப்ப ஏன் என்றார். மிச்சத்தை இன்னும் மூன்று கிறிஸ்மசுக்கு வைத்திருக்கலாம், வருடம் போகப் போக நல்லா வரும் என்று கணவர் சொல்லுவார் என்பதையும் அவரே சொன்னார். சொல்லிவிட்டு, உங்களுக்கு நேரம் போகுது, வெயிலுக்கு முதல் வெளிக்கிடுங்கோ என்றார். எங்கே புதைத்தார் என்று நான் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகு கேட்பதற்கு ஒரு நாளும் அமையவில்லை.

இராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் ஊரைவிட்டு மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நடந்த அந்த ஐப்பசியில் நானும் மகளும் நடந்தோம். கணவர் அப்போதும் கொழும்பில்தான் இருந்தார். அவளுக்குப் பதினொரு வயது. அவ்வளவு சனத்துக்குள்ளும் நான் மூன்று பேரைத் தேடினேன். நான்காவது ஒருவரையும் தேடினேன். சாவகச்சேரியில் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கியிருந்தபோது குருநகர் ஆட்கள் சிலரைக் கண்டு விசாரித்தேன். மன்னாருக்குப் போய் அங்கிருந்து இந்தியாவுக்குப் படகேறிவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். இல்லை, மன்னாரில்தான் இருக்கிறார்கள், மூத்தவளுக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்று இன்னொருவர் சொன்னார்.

பிறகு நாங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தோம். கூரை இல்லை, அலுமாரி இல்லை, கிணற்றுக்குள் முழுக்கக் குப்பை. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிப்படுத்தினோம். வேலையாட்கள் பின்வளவில் புதுக் கழிப்பறைக்குக் குழி வெட்டிய அன்று நான் அலுவலகத்துக்குப் போகவில்லை. வெட்டி முடியும்வரை பக்கத்தில் நின்று, மண்வெட்டி தூக்கிப்போட்ட ஒவ்வொரு மண்ணையும் பார்த்தேன். செம்மண்தான் வந்தது. அதைத் தவிர வேறெங்கும் அந்த வளவில் கிண்ட நான் யாரையும் விட்டதில்லை.